கடைசியாக வருபவரின் வேகமே குழுவின் வேகம்
மூத்தோருக்கான நெடுந்தூரக் குழு சைக்கிளோட்டக் கையேடு

சைக்கிள் உங்களுக்குப் புதிதல்ல. கம்பத்து வீட்டில் வளர்ந்த நாளில் பள்ளிக்கும் வேலைக்கும் சந்தைக்கும் அதில்தான் போயிருப்பீர்கள். பின்னிருக்கையில் தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்து மிதித்திருப்பீர்கள். இப்போது அக்கம்பக்கத்து நண்பர்கள் சேர்ந்து, "ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கரையோரம் முழுக்கச் சுற்றி வரலாம், வருகிறீர்களா?" என்று கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும்.

தாராளமாகப் போகலாம். சைக்கிளோட்டம் முழங்காலில் உடல் எடையை அதிகம் ஏற்றாமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைகளுக்கும் பயிற்சி தருகிறது. நாலு பேருடன் பேசிச் சிரித்துக்கொண்டு போவது மனத்துக்கும் நல்லது. ஆனால் 5 கிலோமீட்டர் ஓட்டுவதும் 40 கிலோமீட்டர் ஓட்டுவதும் ஒன்றல்ல. தனியாக ஓட்டுவதும் குழுவில் ஓட்டுவதும்கூட ஒன்றல்ல.

குழுவில் ஒரு தனி ஆபத்து உண்டு. அது கூச்சம். மூச்சு வாங்கும், முழங்கால் இழுக்கும், தலை இலேசாகச் சுற்றும். ஆனாலும் "என்னால் எல்லோருக்கும் தாமதம் ஆகக்கூடாது" என்று வாய் திறக்காமல் மிதித்துக்கொண்டே இருப்போம். மூத்தோர் பலர் சிக்கலில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆகவே இந்தக் கையேடு உடலையும் சைக்கிளையும் தயார் செய்வதோடு, "கொஞ்சம் நிற்கலாம்" என்று தயங்காமல் சொல்லவும் உங்களைத் தயார் செய்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, 42 கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குக் கரையோரப் பூங்கா இணைப்புப் பாதை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, சாங்கி கரையோரம், பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் ஆகிய பகுதிகளைச் சுற்றி வரும் பாதை அது. நீங்கள் வேறு பாதையில் போனாலும் இங்குள்ள முறைகள் பொருந்தும்.

1. முதலில் மருத்துவரைக் கேளுங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும், பயிற்சியைத் தொடங்குமுன் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தக மருத்துவரையோ பாருங்கள்:

• இதயநோய், பக்கவாதம் அல்லது இதய அறுவை சிகிச்சை
• நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சுவலி, நெஞ்சிறுக்கம், மயக்கம்
• கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு
• நீரிழிவினால் கால் மரத்துப்போதல், ஆறாத புண், கண் பாதிப்பு
• கடந்த ஓராண்டில் கீழே விழுந்தது, எலும்பு பலவீனம், மூட்டு அல்லது கண் அறுவை சிகிச்சை
• பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாமல் இருந்தது

"சைக்கிள் ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "காலை 7 மணி முதல் நண்பகல் வரை, இடையிடையே ஓய்வெடுத்து, 42 கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன். அன்று மாத்திரைகளை எப்போது, எவ்வளவு எடுப்பது?" என்று விவரமாகக் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக இருக்கும்.

மருந்து எடுப்போர் கவனிக்க வேண்டியவை:

இன்சுலின், கிளிப்பிசைட், கிளிக்கிளசைட் போன்றவை எடுப்போருக்கு நீண்ட நேரம் ஓட்டினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். ஓட்டும்போது மட்டுமன்றி, அன்று மாலையோ இரவிலோகூட அப்படி நேரலாம். புறப்படுமுன் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ சாப்பிட்டு, அளவு ஏறியபின் கிளம்புங்கள்.

பிசோப்ரொலால், அட்டினொலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பை மெதுவாக்கும். இவற்றை எடுப்பவர் களைத்துப் போயிருந்தாலும் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு குறைவாகவே இருக்கும். சர்க்கரை குறையும்போது வரும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். கடிகாரத்தை நம்பாமல் மூச்சையும் வியர்வையையும் கவனியுங்கள்.

சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை எடுப்போருக்கு வெயிலில் உடலில் நீர் விரைவில் குறையும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்போர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், காயம் எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாது.

2. பத்து வாரப் பயிற்சி

உடலுக்கு நாள் கொடுங்கள். வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள். இரண்டு நாள் அரை மணி நேரம், இலேசாக. மூன்றாம் நாள் சற்று நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தின் தூரம் இப்படி இருக்கட்டும்:

1ஆம் வாரம்: 8 கி.மீ.
2ஆம் வாரம்: 10 கி.மீ.
3ஆம் வாரம்: 13 கி.மீ.
4ஆம் வாரம்: 10 கி.மீ. (இளைப்பாறும் வாரம்)
5ஆம் வாரம்: 16 கி.மீ.
6ஆம் வாரம்: 20 கி.மீ.
7ஆம் வாரம்: 15 கி.மீ. (இளைப்பாறும் வாரம்)
8ஆம் வாரம்: 25 கி.மீ.
9ஆம் வாரம்: 30 கி.மீ.
10ஆம் வாரம்: வார நடுவில் 10 கி.மீ. மட்டும், இலேசாக. வார இறுதியில் குழுப் பயணம்.

இளைப்பாறும் வாரங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள். தசையும் மூட்டும் வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். வயது ஏற ஏற அதற்குக் கூடுதல் நாள் தேவைப்படுகிறது. காய்ச்சலோ வேறு வேலையோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து தொடங்குங்கள். 30 கிலோமீட்டரை இடையில் நின்று நின்று, மறுநாள் வழக்கம்போல் எழுந்து நடமாடும் அளவுக்கு முடித்துவிட்டால், 42 கிலோமீட்டருக்கு நீங்கள் தயார். முடியாவிட்டால் குழுவில் அரைப் பயணம் மட்டும் போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

ஓட்டாத நாள்களில் இரண்டு நாள் வீட்டிலேயே 15 நிமிடம் இவற்றைச் செய்யுங்கள்:

• கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், 10 முறை
• மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், 10 முறை
• சுவரில் கை ஊன்றி முன்னே சாய்ந்து தள்ளுதல், 10 முறை
• மேசையருகே ஒற்றைக் காலில் நிற்றல், ஒவ்வொரு காலிலும் 10 நொடி

ஒற்றைக் காலில் நிற்பதற்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். சைக்கிளில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கணம் நீங்கள் ஒற்றைக் காலில்தான் நிற்கிறீர்கள். மெதுவாகப் போகும்போது விழுவதற்கும் அதுவே நேரம்.

ஆளில்லாத திறந்தவெளியில் மேலும் மூன்றைப் பழகுங்கள். ஒரு கையை விட்டுச் சைகை காட்டுதல். பாதை கோணாமல் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தல். இரு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மெல்ல அழுத்தி நின்று, காலை ஊன்றுதல். குழுவில் ஓட்ட இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

3. சைக்கிள் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா?

முழங்கால் வலிக்குப் பல நேரம் முழங்கால் காரணமில்லை. இருக்கையின் உயரமே காரணம். சைக்கிளின் பக்கத்தில் நின்று பாருங்கள். இருக்கை உங்கள் இடுப்பெலும்பின் உயரத்துக்கு இருக்கலாம். ஏறி உட்கார்ந்து மிதியைக் கீழே கொண்டுவந்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். அதிகம் மடங்கினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கால் முழுதாக நீண்டால் இடுப்பு ஆடும்.

"இவ்வளவு உயரத்தில் கால் தரையில் படவில்லையே" என்று பலர் இருக்கையைத் தாழ்த்திவிடுகிறார்கள். நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழகினால் அந்தப் பயம் போய்விடும். காலை உயரத் தூக்க முடியாதவர்கள் குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளைத் தேர்ந்தெடுக்கலாம். வாடகைக்கு எடுப்பவர்கள், பணம் கொடுக்குமுன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பயணத்தன்று புதிய சைக்கிளையோ புதிய காலணியையோ முதன்முறையாகப் பயன்படுத்த வேண்டாம்.

கிளம்புமுன் மூன்றைத் தொட்டுப் பாருங்கள்: டயரில் காற்று, இரு பிரேக், சங்கிலி. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இல்லாவிட்டாலும் உறுதியாக இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் 40 கிலோமீட்டர் ஓட்டினால், எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும் களைத்துப் போவீர்கள்.

தலைக்கவசம் கட்டாயம் அணியுங்கள். சாலையில் ஓட்டும்போது அது சட்டம். பாதையில் ஓட்டும்போதும் அதே தலைதான். துப்பட்டாவையும் அகலமான கால்சட்டையின் நுனியையும் சக்கரத்தில் சிக்காதவாறு கட்டிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம். நீரிழிவு உள்ளோர் காலுறையும் மூடிய காலணியும் அணிய வேண்டும். இருள் பிரியுமுன் கிளம்பினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரியட்டும்.

4. கிளம்புமுன் குழுவாக ஐந்து நிமிடம் பேசுங்கள்

ஐந்தாறு பேர் கொண்ட குழு நல்லது. அதற்குமேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். புறப்படுமுன் வட்டமாக நின்று, இவற்றை எல்லோரும் கேட்கச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள்:

முன்னே போவது யார்? பாதை தெரிந்தவர். வேகமானவராக இருக்கத் தேவையில்லை.

பின்னே வருவது யார்? கைத்தொலைபேசியும் முதலுதவிப் பையும் வைத்திருக்கும், நிதானமான ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது.

வேகம் யாருடையது? மிக மெதுவாக ஓட்டுபவருடையது. அவரை இரண்டாவது இடத்தில், முன்னோடிக்கு நேர் பின்னால் ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் விட்டால் அவர் துரத்திக்கொண்டே வருவார். இரண்டாவதாக இருந்தால் மற்றவர்கள் தாமாகவே அவர் வேகத்துக்கு வருவார்கள்.

நிற்க வேண்டுமென்றால்? கையை உயர்த்தி "நிற்கிறேன்" என்று உரக்கச் சொல்லலாம். அடுத்தவர் அதை முன்னே கடத்துவார். பாதையின் ஓரமாக எல்லோரும் நிற்பார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேலியாகக் கேட்கக்கூடாது.

ஓய்வு எப்போது தொடங்கும்? கடைசி ஆள் வந்து இறங்கி, தண்ணீர் குடித்த பிறகு. இதைத்தான் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. வேகமாக வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். களைத்துப்போனவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்பார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படி நடந்தால் அவர் எங்கோ ஓரிடத்தில் விழுவார்.

ஒவ்வொருவரும் தம் பெயர், நோய், மருந்து, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு இருந்தால், அது எந்தப் பையில் இருக்கிறது என்று பின்னே வருபவரிடம் சொல்லிவையுங்கள்.

5. அன்றைய காலை: உணவும் தண்ணீரும்

முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்குமுன் இலேசான உணவு போதும்: இரண்டு மூன்று இட்லி, அல்லது முழுதானிய ரொட்டி இரண்டு துண்டும் ஒரு வாழைப்பழமும். வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். புரோட்டாவும் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் கிளம்ப வேண்டாம்.

வயது கூடும்போது தாகம் தெரிவது குறைகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உடலில் நீர் குறைந்திருக்கும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடியுங்கள். மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் என்பது பலருக்குப் பொருந்தும் அளவு. ஒரே மூச்சில் ஒரு போத்தல் முழுவதையும் குடிக்காதீர்கள். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள், அன்றைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் வருவோர் உண்டு, குறிப்பாகப் பெண்கள். அதற்குத் தீர்வு தண்ணீரைக் குறைப்பதல்ல. கழிப்பறை உள்ள இடங்களிலேயே ஓய்வு நிறுத்தங்களை வைப்பதுதான்.

6. வேகம்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது

எவ்வளவு வேகம் சரி என்பதை உங்கள் மூச்சு சொல்லும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. பாடவே முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்தாக வேண்டும். குழுவில் எல்லோரும் பேசிக்கொண்டு வருவது நல்ல அறிகுறி. வழக்கமாகப் பேசுபவர் திடீரென்று மௌனமானால், பின்னே வருபவர் அவர் பக்கத்தில் வந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் மிக முக்கியம். காலைக் காற்று குளிர்ச்சியாக இருக்கும். உடல் தெம்பாக இருக்கும். எல்லோருக்கும் வேகம் பிடிக்கத் தோன்றும். அப்போது செலவழித்த தெம்பு நண்பகலில் திரும்பக் கிடைக்காது. "இவ்வளவு மெதுவாகவா?" என்று தோன்றும் வேகத்தில் தொடங்குங்கள். 42 கிலோமீட்டருக்கு இப்படி ஓர் அட்டவணை பொருந்தும்:

காலை 7.00 – 7.45: முதல் 8 கி.மீ., மெதுவாக. 10 நிமிட ஓய்வு.
7.55 – 8.45: அடுத்த 10 கி.மீ. 30 நிமிட ஓய்வு, சிற்றுண்டி.
9.15 – 9.55: அடுத்த 8 கி.மீ. 15 நிமிட ஓய்வு.
10.10 – 10.50: அடுத்த 8 கி.மீ. 15 நிமிட ஓய்வு.
11.05 – 11.50: கடைசி 8 கி.மீ., மீண்டும் மெதுவாக.

இந்தக் கணக்கில் மிதிக்கும் நேரம் 3 மணி 40 நிமிடம். ஓய்வு 1 மணி 10 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டரைக்கூட எட்டாது. அதுவே போதும்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தொடங்கி முதலில் கரையோரமாகச் சாங்கிக்குப் போவது நல்லது. விமான நிலையத்தை ஒட்டிய கரையோரப் பகுதி நீண்டு நேராக இருக்கும். நிழலும் கடையும் குறைவு. வெயில் ஏறுமுன் அதைக் கடந்துவிடுங்கள். அதற்குமுன் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று அடித்தால் கியரைக் குறைத்து, வேகத்தையும் குறைத்துவிடுங்கள். காற்றோடு சண்டை போட வேண்டாம்.

சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் மணம் இழுக்கும். இன்னும் பாதிக்குமேல் தூரம் இருக்கிறது. பாதியைச் சாப்பிட்டுவிட்டு, அல்லது இருவராகப் பகிர்ந்துகொண்டு, சர்க்கரை குறைந்த தேநீரோடு முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சியதை இன்னொரு நாள் வந்து ஆசை தீரச் சாப்பிடலாம்.

மிதிக்கும்போது கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட, இலேசான கியரில் கால் சுலபமாகச் சுழலும்படி மிதிப்பது முழங்காலுக்கு நல்லது. சாலை நிறுத்தத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் மறுபடி கிளம்பும்போது தடுமாற மாட்டீர்கள். கை மரத்துப்போகாதிருக்க, கைப்பிடியில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள். தோளைத் தளர்த்துங்கள்.

7. பாதையில் இடைவெளியும் ஒழுங்கும்

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் 4 மீட்டருக்குமேல் நகர்ந்துவிடும். முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால், அதைப் பார்த்து உங்கள் விரல் பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி ஆகும். ஆகவே இருவருக்கும் இடையே மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும். பந்தயக்காரர்கள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓட்டுவதைப் பார்த்து நாம் செய்ய வேண்டாம்.

• இடப்பக்கம் ஓட்டுங்கள். பாதையில் வரிசையாகச் செல்லுங்கள்.
• நடப்பவர்களுக்கு வழிவிடுங்கள். மணியை முன்கூட்டியே மெல்ல அடியுங்கள்.
• நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரும், சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25 கிலோமீட்டரும் வேக வரம்பு.
• சாலையைக் கடக்குமுன் நின்று, இருபுறமும் பார்த்துக் கடங்கள். பாதிப் பேர் கடந்த பின் விளக்கு மாறினால், மீதிப் பேர் அடுத்த விளக்குக்குக் காத்திருக்க வேண்டும். முன்னே போனவர்கள் அக்கரையில் காத்திருப்பார்கள்.
• குழி, மணல், ஈர இலை, எதிரே வரும் ஓட்டம் ஆகியவற்றை முன்னால் இருப்பவர் சொல்ல, ஒவ்வொருவரும் பின்னே கடத்துங்கள்.

பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் பகுதிகளில் சாலைக் கடப்புகளும் நடப்பவர்களும் அதிகம். நீங்கள் களைத்திருக்கும் நேரமும் அதுவே. ஒரு கடப்பில் மனம் ஒருமுகப்படவில்லை என்று தோன்றினால், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

8. பாசிர் ரிஸ்ஸில் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகள்

26 கிலோமீட்டர் முடிந்து பாசிர் ரிஸ் வட்டாரத்தில் ஓய்வெடுக்கும்போது, ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுங்கள்:

கைப்பிடியை நேராகப் பிடித்து ஓட்ட முடிகிறதா? கடந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் குடித்தேனா, சிறுநீர் கழித்தேனா? ஏதாவது வலி கூடிக்கொண்டே வருகிறதா?

ஒரு பதில் சரியில்லை என்றாலும் பயணத்தை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, நான் இங்கிருந்து வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? மடக்கு சைக்கிளை மடித்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம். மடக்க முடியாத சைக்கிளென்றால் பெரிய டாக்சிக்கோ பிள்ளைகளின் காருக்கோ முன்பே ஏற்பாடு செய்துவையுங்கள். வீடு திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தால் "முடியவில்லை" என்று சொல்வது எளிதாகும். போகிறவரைத் தனியாக விடாமல் ஒருவர் கூடவே செல்ல வேண்டும்.

9. உடனே நிற்க வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம். தாடைக்கோ கைக்கோ பரவும் வலி. நின்ற பிறகும் தணியாத மூச்சுத்திணறல். மயக்கம்: ஓட்டத்தை நிறுத்தி உட்காருங்கள். 995ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று காத்திருக்க வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல்: பக்கவாதமாக இருக்கலாம். 995.

உடல் கொதித்தல், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம்: வெப்பத்தாக்கமாக இருக்கலாம். 995ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, எரிச்சல், குழப்பம்: நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலும், அளவு பார்க்க முடியாவிட்டாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்தோ அரைக் குவளை பழச்சாறோ உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். சரியான பிறகும் அவர் அன்று சைக்கிளில் ஏற வேண்டாம்.

ஒருவர் நினைவிழந்து மூச்சில்லாமல் கிடந்தால் 995ஐ அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் வையுங்கள். நெஞ்சை அழுத்துவது எப்படி என்று அங்கிருப்பவர் படிப்படியாகச் சொல்லித்தருவார். அருகில் ஏஇடி எனப்படும் இதய மின்னதிர்ச்சிக் கருவி இருந்தால் இன்னொருவர் ஓடிப்போய் எடுத்து வரட்டும்.

இடி முழங்கினால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள். மழை விட்டதும் ஈரப்பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். புகைமூட்டத்தால் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால் நெடும்பயணத்தை இன்னொரு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

10. வீடு திரும்பிய பின்

இறங்கியதும் உட்கார்ந்துவிடாமல் ஐந்து நிமிடம் நடங்கள். தொடையையும் கெண்டைக்காலையும் மெதுவாக நீட்டி விடுங்கள். தண்ணீர் குடித்து, மதிய உணவை வழக்கம்போல் சாப்பிடுங்கள். நீரிழிவு உள்ளோர் பாதத்தில் கொப்புளமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அளவை மாலையிலும் படுக்குமுன்னும் பாருங்கள். தசைவலி ஓரிரு நாளில் குறையும். மூட்டு வீங்கினாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மறுநாள் குழுவில் எல்லோருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். "கால் எப்படி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும். பயணத்தில் சொல்லக் கூச்சப்பட்டதை அப்போது சொல்வார்கள். அடுத்த பயணத்தின் வேகத்தையும் நிறுத்தங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

• விவரமாகக் கேட்டு மருத்துவரின் அறிவுரை பெறுங்கள்.
• பத்து வாரம், படிப்படியாக. இளைப்பாறும் வாரங்களைத் தவறவிடாதீர்கள்.
• முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக.
• தாகத்துக்குமுன் தண்ணீர்.
• மெதுவாக ஓட்டுபவர் இரண்டாவது இடத்தில். கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு தொடங்கும்.
• "நிற்கலாம்" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும்.

கிளம்பிய அத்தனை பேரும் நலமாக வீடு சேர்ந்தால்தான் அது நல்ல பயணம். யார் முதலில் வந்தார் என்பதை மறுநாளே மறந்துவிடுவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆட்கள் கூடுவதுதான் முக்கியம்.

இக்கையேட்டிலுள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் மருத்துவரின் அறிவுரைக்கு இவை மாற்றல்ல.